வேண்டாம் என்று சொல்லப் பழகுவோம்



கொடைக்கானலுக்கு ஏரியையும் குளிர்காற்றையும் நாடி வருகிறவர்கள் நடுவே, போதைக் காளானைத் தேடி வருகிற இளைஞரும் உண்டு. இதிலுள்ள சிலோசைபின் என்னும் பொருள் இல்லாததை இருப்பதுபோல் காட்டும். சிலருக்குப் பெரும் பயத்தையும் மனக்குழப்பத்தையும் உண்டாக்கும். 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் இதைத் தடை செய்துள்ளது. விற்றவர்களைக் காவல்துறை கைது செய்தும் இருக்கிறது. ஆனாலும் சிநேகிதன் கையை நீட்டும் அந்த நிமிடத்தில், நம் பிள்ளை தனியாகத்தான் பதில் சொல்ல வேண்டும்.

போதை கெடுதல் என்று பிள்ளைகளுக்குத் தெரியும். "வேண்டாம்" என்று வாய் திறந்து சொல்லத்தான் பலர் பழகவில்லை.

இதற்கு வீடியோ கேம் உதவுமா? அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் டாக்டர் லின் ஃபியெலின் குழுவினர் 11 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்காக 'பிளேஃபார்வர்டு' என்ற விளையாட்டை உருவாக்கினார்கள். எச்.ஐ.வி. தடுப்பே அதன் முக்கிய நோக்கம். மதுவும் போதையும் புத்தியை மயக்கி அந்த ஆபத்தில் தள்ளுவதால், அவற்றை மறுக்கும் பயிற்சியும் அதில் உண்டு. திரையில் நண்பர்கள் வற்புறுத்துவார்கள். விளையாடுகிற பிள்ளை பதில் சொல்ல வேண்டும். தவறான முடிவு எதிர்காலத்தை எப்படிக் கெடுக்கிறது என்று பார்த்துவிட்டு, திரும்பிப் போய் அதை மாற்றலாம்.

333 பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வு 2017இல் வெளியானது. பாலியல் நலம் பற்றிய அறிவும் மனப்பான்மையும் முன்னேறின. நடத்தை மாறியதாக நிரூபிக்கப்படவில்லை. அளவுமீறிய விளையாட்டும் நோயாகலாம் என்பதை உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்றுக்கொண்டது. ஆகவே வீடியோ கேமை மருந்தாக எண்ணாமல், பழகும் களமாக எண்ணுவோம்.

தானியேல் முதலாம் அதிகாரத்தை வாசியுங்கள். அந்நிய தேசத்தில், அரண்மனைச் சாப்பாட்டின் முன் ஒரு வாலிபன். அவன் செய்தவை மூன்று: முன்னதாகவே இருதயத்தில் தீர்மானித்தான், மரியாதையாகப் பேசினான், பத்து நாள் சோதித்துப் பாரும் என்று மாற்று வழியையும் காட்டினான்.

இதை ஓய்வுநாள் பள்ளியிலும் வீட்டிலும் கம்ப்யூட்டர் இல்லாமலே பழக்கலாம். ஒரு பிள்ளை வற்புறுத்தட்டும்: "ஒரு தடவைதானே, எல்லாரும் சாப்பிடுறாங்க." மற்றவன் மறுக்கட்டும்: "எனக்கு வேண்டாம்டா. வா, டீ குடிக்கப் போகலாம்." தடுமாறினால் திட்டாமல் மறுபடியும் தொடங்குங்கள். நம் முன்னால் தடுமாறுவது, மலையில் தனியே தடுமாறுவதைவிட நல்லது.

ஏற்கெனவே சிக்கியவர் வீட்டில் இருந்தால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். போதை மீட்புக்கான தேசிய இலவச உதவி எண் 14446. மருத்துவரிடம் அழைத்து வாருங்கள்.

இவ்வாரம் உங்கள் குடும்ப ஜெபத்தில் மலையிலும் அடிவாரத்திலும் உள்ள வாலிபரைப் பெயர் சொல்லி நினைத்தருளுங்கள். கர்த்தர் நம் பிள்ளைகளைக் காப்பாராக.