சாலையில் சட்டமும் மரியாதையும்

இரயில்வேயில் சிக்னல் பிரிவுப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இரயில் பாதையில் விதிகள் எப்படிக் காக்கப்படுகின்றன என்பதை அனுபவத்தில் அறிவேன். திருவனந்தபுரத்துச் சாலைகளில் அவை எப்படிக் காக்கப்படுகின்றன என்பதை ஓய்வுக்குப் பின் கவனித்து வருகிறேன். இங்கு வாழும் நம் தமிழ்க் குடும்பங்கள் இது பற்றி அறிந்திருக்க வேண்டியவற்றை இக்கட்டுரையில் தொகுத்துத் தருகிறேன்.

இரயில்வேயில் சிக்னல் சிவப்பாக இருந்தால் எக்ஸ்பிரஸும் நிற்கும், சரக்கு வண்டியும் நிற்கும். பழுதான நிலைய சிக்னலைத் தாண்ட வேண்டுமானால், பொதுவாக ஓட்டுநருக்கு எழுத்து மூலம் அனுமதி தரப்படும். இரு நிலைய அதிகாரிகள் தொலைபேசியில் பேசும்போது ‘பிரைவேட் நம்பர்’ சொல்லிக் குறித்துக்கொள்வார்கள்; பின்னால் யாரும் மறுக்க முடியாது. எல்லோருக்கும் ஒரே விதி, எழுத்தில் பதிவு, பேச்சில் ஒழுங்கு ஆகிய மூன்றும் இதில் அடங்கும். சாலையில் காவலரிடம் நாம் எதிர்பார்ப்பதும் இந்த மூன்றுதான்.

1. எல்லோருக்கும் ஒரே விதி

1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 2019-ல் திருத்தப்பட்டபோது 210பி என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. சட்டத்தை அமல்படுத்தும் அதிகாரம் உடையவரே அதை மீறினால் அபராதம் இரு மடங்கு. தலைக்கவசம் இல்லாமல் போகும் காவலருக்கும் இது பொருந்தும்.

கேரள அரசு 2023 ஏப்ரல் 20 அன்று இந்நகரில் தொடங்கி வைத்த கேமராத் திட்டத்தில் மாநிலமெங்கும் 726 கேமராக்கள் வைக்கப்பட்டன. ஜூன் 5 முதல் அபராதம் விதிக்கப்பட்டது. கேமராவுக்கு வேண்டியவர், வேண்டாதவர் கிடையாது. ஆனால் கேமராவுக்கும் விதி உண்டு. மத்திய மோட்டார் வாகன விதி 167ஏ-யின்படி கருவி அங்கீகாரச் சான்று பெற்றிருக்க வேண்டும். கண்காணிப்பு இருப்பதை அறிவிக்கும் பலகை வைக்க வேண்டும். அபராத அறிவிப்பில் படம், தேதி, நேரம், இடம், சட்டப் பிரிவு எல்லாம் இருக்க வேண்டும். படத்தில் இருப்பது உங்கள் வண்டி அல்ல என்றால் ஆட்சேபிக்க உங்களுக்கு உரிமை உண்டு.

2. எழுத்தில் பதிவு

சீருடையில் உள்ள காவலர் கேட்டால் ஓட்டுநர் உரிமத்தைக் காட்ட வேண்டும் (பிரிவு 130). காகிதமாகத்தான் காட்ட வேண்டும் என்பதில்லை. டிஜிலாக்கரில் உள்ளதைக் கைப்பேசியில் காட்டினாலும் செல்லும் (விதி 139). உரிமத்தைக் காவலர் வாங்கி வைத்துக்கொண்டால் அதற்கு ஒப்புகைச் சீட்டு தர வேண்டும் (பிரிவு 206). அபராதம் கட்டினால் ரசீது கேளுங்கள். ரசீது இல்லாமல் கைமாறும் பணம் அபராதம் ஆகாது.

நாகர்கோவில் பக்கத்திலிருந்து டி.என். 74 எண் வண்டியோடு வந்து கரமனையிலும் கோட்டையிலும் குடியிருப்போர் ஒன்றைக் கவனிக்கவும். பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வண்டியை இங்கே வைத்திருந்தால் கேரளப் பதிவெண் பெற வேண்டும் (பிரிவு 47).

3. பேச்சில் ஒழுங்கு

தலைக்கவசம் அணியாதவர்களைத் துரத்திப் பிடிக்கக் கூடாது, நடுரோட்டில் பாய்ந்து மறிக்கக் கூடாது, கேமரா போன்ற சாதனங்களைப் பயன்படுத்துங்கள் என்று கேரள உயர் நீதிமன்றம் 2019 நவம்பரில் கூறியது. அடுத்த சில நாட்களிலேயே கொல்லம் மாவட்டம் கடய்க்கலில், நிறுத்தாமல் சென்ற இளைஞர் மீது ஒரு காவலர் லத்தியை எறிந்தார். பைக் எதிரே வந்த காரில் மோதி இளைஞர் படுகாயமடைந்தார். காவலர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். தலைக்கவசச் சட்டமே தலையைக் காக்கத்தான். அதன் பெயரால் தலை உடைந்தால் சட்டத்துக்கு என்ன பொருள்?

2021 செப்டம்பரில் அதே நீதிமன்றம், பொதுமக்களைக் காவலர்கள் ‘எடா’, ‘எடீ’, ‘நீ’ என்று அழைப்பதை நிறுத்தச் சொன்னது. அதையொட்டி மாநிலக் காவல்துறைத் தலைவர் சுற்றறிக்கையும் அனுப்பினார். மனைவி மக்களோடு வரும் ஒருவரைப் பிள்ளைகள் முன்னால் ‘எடா’ என்றால் அந்தப் பிள்ளைகள் மனத்தில் என்ன பதியும்? ஐந்நூறு ரூபாய் அபராதம் ஒரு வாரத்தில் மறந்துபோகும். அந்தச் சொல் மறக்காது. கடுஞ்சொல்லையும் அளவு மீறிய தண்டனையையும் அரசனின் வலிமையைத் தேய்க்கும் அரம் என்கிறார் வள்ளுவர். பணிமனையில் அரம் பிடித்தவர்களுக்கு அந்த உவமை நன்றாகவே விளங்கும். ஒவ்வொரு இழுப்பிலும் உதிர்வது கொஞ்சம்தான், ஆனால் தேய்ந்தது திரும்பாது.

நம் பங்கு

மரியாதை என்பது அபராதத்திலிருந்து விலக்கு அல்ல. தவறு செய்தால் கட்டத்தான் வேண்டும். ‘எனக்கு அவரைத் தெரியும், இவரைத் தெரியும்’ என்று கைப்பேசியை எடுப்பது, முதலில் சொன்ன ஒரே விதியை நாமே உடைப்பதாகும்.

மொழியிலும் கவனம் தேவை. நம் ‘நீங்கள்’ போலவே மலையாளத்து ‘நிங்ஙள்’ என்ற சொல்லையும் எண்ணிப் பலர் காவலரிடம் பேசுகிறார்கள். மலையாளத்தில் அச்சொல்லுக்கு அந்த அளவு மரியாதை இல்லை. பெரியவரிடமோ அதிகாரியிடமோ சொன்னால் முகம் சுளிப்பார்கள். ‘சார்’ என்று சொல்வதே இவ்வூர் வழக்கம். நாம் பணிவாகப் பேசியதாக நினைத்திருக்க, எதிரில் நிற்பவர் அவமதித்ததாக எண்ணிவிடக் கூடும்.

பிள்ளைகளுக்கு வண்டிச் சாவியைக் கொடுக்கும் நாளில் இவற்றையும் சொல்லிக் கொடுங்கள். கைகாட்டினால் நிற்கட்டும், ஆவணத்தைக் காட்டட்டும், ரசீது வாங்கட்டும். நிமிர்ந்து நின்று, அமைதியாகப் பேசட்டும்.