மண்ணின் நிறமும் வடிகாலும்

கலப்பற்ற சலவைக்கல் வெண்ணிறமுடையது. இத்தாலி தேசத்துச் சியெனாக் கல் மஞ்சளாயிருப்பது அதிற் கலந்த இரும்புத் துருவினாலேயாம். நமது நிலங்களுக்கும் சாயம் ஏற்றுவது அத்துருவே. நீர் சேராத துருவாகிய ஹெமடைட் சிவப்பு. நீர் சேர்ந்த கோதைட் மஞ்சள் அல்லது பழுப்பு. செம்மண்ணிற் பெரும்பாலும் காற்றோட்டம் உண்டு. சிவப்பு மிகுந்தால் பயிருக்கு இரும்புச்சத்தும் மிகுமென்று எண்ணுவது தவறு.

நீர் தேங்கிப் பிராணவாயு அற்ற மண்ணில் நுண்ணுயிர்கள் துருவைக் கரையச் செய்கின்றன. மண் சாம்பல் நிறமடைகிறது. நீர் வடிந்து காற்றுப் புகுந்த துளைகளின் ஓரமாய் மீண்டும் துருப்புள்ளிகள் படிகின்றன.

ஆகையால் தென்னையோ வாழையோ வைக்க நிலம் வாங்குவோர், மேல்மண்ணின் செம்மையைக் கண்டு முன்பணம் கொடுத்துவிடலாகாது. மூன்றடிக் குழி வெட்டிப் பக்கங்களைப் பார்க்கவேண்டும். சாம்பல் நிறத்தினிடையே துருப்புள்ளிகள் காணப்படின், மழைக்காலத்தில் அவ்வளவு உயரம் நீர் ஏறி நிற்பதாகக் கொள்ளலாம். கோடையிற் குழி வறண்டிருப்பினும் அவ்வடையாளம் மறையாது. விற்பவர் வாய்ச்சொல்லினும் அது நம்பத்தக்கது.

நெல் வயலில் இந்நிறம் குற்றமன்று. கரிசலில் கருமை துருவின் நிறத்தை மறைத்துவிடுமாதலால், அங்கு இச்சோதனை அவ்வளவாகப் பயன்படாது.