யாருக்கு மாத்திரை கொடுக்கக்கூடாது?

அன்புள்ள கயல்,

நல்ல நுண்ணோக்கி இருந்தால் எந்த நோயையும் கண்டுபிடித்துவிடலாமே என்று கேட்டிருந்தாய். கேமரூன் நாட்டின் ஒகோலா வட்டாரத்தில் நடந்ததைச் சொன்னால் உனக்கே விடை தெரியும்.

ஆற்றோரக் கருப்பு ஈக்கள் கடித்துப் பரவும் ஒரு புழு, ஆப்பிரிக்காவில் ஏராளமானோரின் பார்வையைப் பறித்திருக்கிறது. அதற்கு ஐவர்மெக்டின் என்ற மாத்திரை உண்டு. அதை இலவசமாகத் தருவதாக மெர்க் நிறுவனம் 1987-இல் அறிவித்தது. ஆனால் மத்திய ஆப்பிரிக்கக் காட்டுப் பகுதிகளில் லோவா லோவா என்ற இன்னொரு புழுவும் இருக்கிறது. கண்ணின் வெள்ளைப் பகுதியில் அது ஊர்ந்து போவதைச் சில சமயம் வெறும் கண்ணாலேயே பார்க்கலாம். இதன் நுண்புழுக்கள் ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் 30,000-க்கு மேல் இருப்பவர் ஐவர்மெக்டினை விழுங்கினால், அவை கூட்டமாக மடியும்போது மூளை பாதிக்கப்படலாம்; உயிரும் போகலாம். ஒகோலாவில் அப்படி மரணங்கள் நேர்ந்ததால், 1999-இல் மாத்திரை வழங்குவதையே நிறுத்திவிட்டார்கள். சிலருக்கு வந்த ஆபத்தால் எல்லோருக்கும் மருந்து இல்லாமல் போயிற்று.

அந்தச் சிலர் யார் என்று தெரிந்தால் போதும். நுண்ணோக்கியால் அதைச் சொல்ல முடியும். ஆனால் ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தடவி, உலர்த்தி, சாயமேற்றி, பயிற்சி பெற்றவர் உட்கார்ந்து எண்ணவேண்டும். மாத்திரைக்காக ஊரே வரிசையில் நிற்கும்போது இது நடக்கிற காரியமா?

பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் டேனியல் ஃபிளெட்சரின் குழு, கைப்பேசிக் கேமராவைக் கொண்டு லோவாஸ்கோப் என்ற கருவியைச் செய்தது. விரல் நுனி ரத்தத்தை மெல்லிய கண்ணாடிக் குழலில் எடுத்து உள்ளே வைத்தால், கருவி காணொளி பிடிக்கும். அது புழுவின் உருவத்தைத் தேடுவதில்லை. புழு நெளியும்போது பக்கத்திலுள்ள ரத்த அணுக்கள் இடம்பெயரும் அல்லவா? அந்த அசைவிலிருந்தே எண்ணிக்கையைக் கணிக்கும். சாயம் வேண்டாம், சில நிமிடங்களில் முடிவு வந்துவிடும். இதன் அழகே அந்த எளிமைதான்.

கேமரூன் மருத்துவர் ஜோசப் கம்ங்கோ தலைமையில் 2015-இல் ஒகோலாவில் 16,259 பேரைச் சோதித்தார்கள். பாதுகாப்புக்காக வரம்பை 20,000 என்று இன்னும் தாழ்த்தி வைத்தார்கள். அதைத் தாண்டியவர்கள் 340 பேர் மட்டுமே. வேறு காரணங்களால் விடுபட்டவர்கள் போக, 15,522 பேருக்கு மாத்திரை கிடைத்தது. ஒருவருக்கும் கடுமையான பின்விளைவு வரவில்லை.

ஓர் ஊருக்குச் சரியான சோதனை இன்னோர் ஊரில் தவறலாம் என்பதையும் தெரிந்துகொள். யானைக்கால் நோயைக் கண்டறியும் பட்டைச் சோதனை பல நாடுகளில் நன்றாகவே உதவுகிறது. மத்திய ஆப்பிரிக்காவிலோ, யானைக்கால் புழுவே இல்லாத, லோவா லோவா மிகுந்த சிலருக்கும் அது ‘நோய் உண்டு’ என்று காட்டிவிடுகிறது.

பார்வையைப் பறிக்கும் அந்தப் புழுவுக்கோ, தோலைத் துளி அளவு கிள்ளியெடுத்துப் பார்க்கும் பழைய முறை இன்றும் தொடர்கிறது. அது வலிக்கும், புழு குறைவாக இருந்தால் தப்பவும் விடும். எதிர்ப்புப் புரதத்தைத் தேடும் ரத்தச் சோதனை இருக்கிறது. ஆனால் உடலில் புழு இப்போது உயிரோடு இருக்கிறதா என்பதை அது சொல்லாது. இதற்கு ஒரு நல்ல சோதனை வேண்டும், கயல். கல்லூரியில் உயிரியல் எடுக்கப்போகும் நீயும் உன் தோழிகளும் இதையும் மனதில் வைத்துப் படியுங்கள்.

அன்புடன்,
மாமா