குடியுரிமைப் பாடம்: கனடா ஆருடைய நாடு?

பரீட்சைக்குப் படிக்கிற வாசகர்களே, 1867 யூலை 1இல் ஒன்ராறியோ, கியூபெக், நோவா ஸ்கோஷியா, நியூ பிரன்சுவிக் ஆகிய நாலு மாகாணங்களோடு கனடாக் கூட்டாட்சி தொடங்கியது. ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும்தான் நாட்டுக்கு அத்திவாரம் போட்டவை எண்டு கனகாலம் சொன்னார்கள். அது அரைக்கதை. எங்கட ரூஜ் ஆற்று முகத்தடியில் 17ஆம் நூற்றாண்டிலேயே செனெக்கா மக்களின் கிராமம் இருந்தது. பூர்வகுடிகளின் உரிமைகளை 1982ஆம் ஆண்டு அரசியலமைப்புச் சட்டம் ஏற்றுக்கொண்டது.

இலங்கையின் 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் தகப்பனும் பாட்டனும் எங்கே பிறந்தவை எண்டு பார்த்தது. லட்சக்கணக்கான மலையகத் தமிழர் நாடற்றவர் ஆனார்கள். இங்கே விண்ணப்பிக்கிற உங்களிடம் பாட்டன் கதை கேட்கமாட்டினம். கடைசி 5 வருடத்தில் 1,095 நாள் கனடாவில் இருந்தீர்களா எண்டுதான் முக்கியமாகப் பார்ப்பினம். 18 முதல் 54 வயதுவரை பரீட்சை உண்டு. 20 கேள்விகளில் 15 சரியெண்டால் சித்தி. நாட்களை இப்பவே எண்ணி எழுதி வையுங்கோ.