யாவாரம் ரத்தத்திலா இருக்கிறது?

நம்பிக்கை: "அவுகளுக்கு யாவாரம் ரத்தத்துலேயே ஊறிக் கெடக்கு."

நாடார் சமூகத்தைப் பற்றி உடன்குடிக் கடைவீதியிலும் கேட்கலாம், சென்னை மளிகைக்கடை வாசலிலும் கேட்கலாம். பாராட்டாகத்தான் சொல்கிறார்கள்.

உண்மை: அதே ரத்தத்துக்கு 1849-ல் கிடைத்த சான்றிதழ் வேறு. இடையன்குடியில் ஊழியம் செய்த கால்டுவெல் (ஆமாம், திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதியவரேதான்) திருநெல்வேலிப் பனையேறி நாடார்களைப் பற்றி ஒரு நூல் எழுதி, அவர்களை மந்தபுத்திக்காரர்கள் என்று தீர்ப்பளித்தார். பிற்பாடு அதற்குக் கடும் எதிர்ப்பு கிளம்பியது.

மூன்று நான்கு தலைமுறைக்குள் ரத்தம் மாறிவிடாது. திருச்செந்தூர்ப் பக்கத்துச் செம்மணல் தேரிக்காட்டில் பதநீர்ப் பருவம் முடிந்தால் பனையேறிக்கு வருமானமும் முடிந்தது; மிச்ச மாதங்களுக்குக் கடன்தான். கருப்பட்டியை வண்டியில் ஏற்றி வடக்கே போனவர்களோ விருதுநகர், சிவகாசி, அருப்புக்கோட்டை என்று தங்கிச் சரக்கு வைக்கப் பேட்டைகள் கட்டினார்கள். சரக்குக்கு இவ்வளவு என்று பொது நிதிக்கு மகமை பிடித்தார்கள். அந்தப் பணம் பள்ளிக்கூடமானது. காமராஜர் படித்த சத்திரிய வித்யாசாலை வீடு வீடாக வாங்கிய பிடியரிசியில் நடந்தது. 1910-ல் நாடார் மகாஜன சங்கம். 1921-ல் தூத்துக்குடியில் நாடார் வங்கி. இன்றைய தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி அதுதான். தெற்கே மெஞ்ஞானபுரம், நாசரேத், சாயர்புரம் மிஷன் பள்ளிகள் வேறு.

வடக்கே போனவரும் தேரியில் நின்றவரும் ஒரே வம்சம். ஒருவர் மொத்த வியாபாரி ஆனார். மற்றவர் பனையிலேயே இருந்தார்.

நம்பிக்கை: அப்படியானால் பிறவிக்குணத்துக்குப் பங்கே கிடையாது.

உண்மை: உண்டு, ஆளுக்கு ஆள். எவ்வளவு என்பதுதான் இடத்துக்கு இடம் மாறும். 2003-ல் எரிக் டர்க்ஹைமர் குழு அமெரிக்காவில் ஏழு வயது இரட்டையர்களை ஆராய்ந்தது. நுண்ணறிவுத் தேர்வில் தெரிந்த வித்தியாசத்துக்கு வசதியான வீடுகளில் பெரும்பங்கு மரபணு. ஏழை வீடுகளில் அதன் பங்கு அநேகமாக இல்லை. மேற்கு ஐரோப்பாவில் பிற்பாடு பார்த்தபோது இந்த இடைவெளி தென்படவில்லை. பிறவியும் சூழலும் சேர்ந்துதான் விளைவு என்பது உடன்குடிப் பனையேறிக்குப் புரியும். ஒரே பாளையில் வடிவதுதான். கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் கள். பாளையே வற்றிப்போனால் சுண்ணாம்பு மட்டும் என்ன செய்யும்?

நம்பிக்கை: "கஷ்டப்பட்டா யாரும் மேல வந்துரலாம்."

உண்மை: காலையும் மாலையும் பனையேறி இறங்கியவரைவிடக் கஷ்டப்பட்டவர் யார்? திருச்செந்தூர் வட்டாரத்து மூலைப்பொழியில் 1945-ல் பிறந்த சிவ் நாடார் 1976-ல் எச்சிஎல் கணினி நிறுவனத்தைத் தொடங்கிய கதையை மேடைப் பேச்சாளர்கள் விடாமல் சொல்கிறார்கள். அவருடைய தாய்மாமன் சி.பா. ஆதித்தனார் லண்டனில் பாரிஸ்டர் படித்தவர், தினத்தந்தியை நிறுவியவர் என்ற பகுதி மட்டும் எப்படியோ விட்டுப்போகிறது. சிவ் நாடார் உழைக்கவில்லை என்று யார் சொன்னது? அதே காலத்தில் தேரியில் கலயம் சுமந்த பையன்களும்தான் உழைத்தார்கள். அவர்களுக்கு அப்படியொரு மாமன் இல்லை.