மின் தேவையும் உற்பத்தித் திறனும்

விசைத்தறி நெசவாளரும், மோட்டார் வைத்து நீர் இறைக்கும் விவசாயியும் வழக்கமாகக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "இத்தனை மின் நிலையங்கள் இருந்தும் பற்றாக்குறை ஏன் வருகிறது?" என்பதே அது. 2008 முதல் சில ஆண்டுகள் தமிழ்நாட்டில் நிலவிய மின்வெட்டில், தறி நின்ற நேரமெல்லாம் கூலியும் நின்றதை நம் அங்கத்தினர் மறந்திருக்க மாட்டார்கள். ஆதலின் இதற்கு விடை காண்பது அவசியமாகும்.

முதலில் இரண்டு அளவுகளைப் பிரித்தறிதல் வேண்டும். யூனிட் என்பது கிணற்றிலிருந்து நாள் முழுவதும் இறைத்த நீரின் மொத்த அளவு போன்றது. மெகாவாட் என்பதோ ஒரு கணத்தில் குழாயில் பாயும் நீரின் வேகம் போன்றது. ஆண்டுக்கு வேண்டிய யூனிட் கிடைக்குமா என்று பார்ப்பதோடு திட்டம் முடிந்துவிடாது. எல்லோரும் ஒருசேரக் கேட்கும் அந்த ஒரு வேளைக்குப் போதுமா என்றும் பார்க்கவேண்டும். தமிழ்நாட்டில் 2024 மே மாதத்தில் இந்த உச்சத் தேவை 20,000 மெகாவாட்டைத் தாண்டியது.

நிலையங்களின் திறனையெல்லாம் கூட்டி, "தேவைக்கு மேல் இருக்கிறதே" என்று மகிழ்வது தவறு. 1932இல் தொடங்கிய பைகாரா முதலிய நீர்மின் நிலையங்கள் மழையை நம்பியவை. முப்பந்தல் காற்றாலைகள் ஆனி, ஆடியில் சுழன்று தை, மாசியில் சோர்ந்துவிடும். சூரிய மின்சாரம் நண்பகலில் பெருகும். விளக்கு வைக்கும் நேரத்தில் கைவிடும். அனல் நிலையத்தையும் பழுது பார்க்க நிறுத்தவேண்டியிருக்கும். ஆகவே கையிருப்புத் திறன் இன்றியமையாதது. அதையும் நினைத்தவுடன் பெற இயலாது. கூடங்குளத்திற்கு ஒப்பந்தம் ஏற்பட்டது 1988இல். கட்டுமானம் தொடங்கியது 2002இல். முதல் மின்சாரம் வந்ததோ 2013இல்!

மாலை நேரத்தைச் சமாளிக்க ஒரு வழி கடம்பாறையில் உள்ளது. மின்சாரம் மிஞ்சும் வேளையில் கீழ் அணையின் நீரை மேலே ஏற்றி, தேவை மிகும் வேளையில் அதனைக் கீழே விட்டு 400 மெகாவாட் வரை உற்பத்தி செய்கிறார்கள். ஏற்றச் செலவான மின்சாரம் முழுவதும் திரும்பி வாராது; எனினும் வேளைக்கு உதவுகிறது.

மற்றொரு வழி நம் கையிலேயே உள்ளது. 5 குதிரைச் சக்தி மோட்டார் ஏறத்தாழ 3.7 கிலோவாட் இழுக்கும். ஒரு இலட்சம் மோட்டார்கள் ஒரே நேரத்தில் ஓடினால் 370 மெகாவாட். கடம்பாறை முழுவதும் இதற்கே சரியாகிவிடும். வாய்க்கால் நீரை முறை வைத்துப் பாய்ச்சுவதுபோல் இரு பிரிவாக ஓட்டினால் பாதித் திறனே போதும். அவற்றையே வெயில் நேரத்திற்கு மாற்றினால் மாலையில் தறிகளுக்கு அத்தனையும் மிஞ்சும். இரவில் பாம்புக்கு அஞ்சி, பனியில் நனைந்து மடை திருப்பும் தொல்லையும் விவசாயிக்குக் குறையும்.