துணியில் ஒட்டிய சிவப்பு

முட்டை வண்டி ஓட்டுகிறேன். நாமக்கல்லில் லோடு ஏற்றிக் கிளம்பினால் திரும்பி வர ஒரு வாரம், பத்து நாள் ஆகும். அதுவரை கேபின்தான் வீடு. சேஸிஸாக வாங்கி வந்து, இங்கேயே பட்டறையில் பாடி கட்டிச் சிவப்பு எனாமல் அடித்தேன். வெளி மாநிலத்துக்காரர்களும் பாடி கட்டத் தேடி வருகிற ஊர் இது. பெயிண்ட் வேலையில் குறையே இல்லை. கெடுத்தது என் கைதான்.

முதல் ஆயுத பூஜைக்கு முந்தின நாள், மங்கியிருந்த கேபினில் ரப்பிங் காம்பவுண்ட் போட்டுத் தேய்த்தேன். பளபளப்பு வந்தது. துணியும் சிவந்துகொண்டே வந்தது. அழுக்கு கழல்கிறது என்று நினைத்து இன்னும் அழுத்தினேன். பக்கத்து வண்டிக்கு எழுத்து எழுதிக்கொண்டிருந்த பெரியவர் துணியைப் பார்த்துவிட்டார். "அழுக்கு செவப்பாவா இருக்கும் கண்ணு? பெயிண்டையே தொடச்சு எடுத்துட்டு இருக்கறே" என்றார். கதவு விளிம்பில் விரல் நீளத்துக்குச் சாம்பல் நிற பிரைமர் தெரிந்தது.

காம்பவுண்ட் பெயிண்டைச் சுரண்டி எடுக்கும். வாக்ஸ் அதன் மேல் படிந்து வெயிலையும் உப்பையும் தாங்கும். இதை அன்றுதான் புரிந்துகொண்டேன். அதனால் காம்பவுண்ட் எப்போதாவது ஒருமுறை, மங்கின இடத்தில் மட்டும். வாக்ஸ் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. கையால் எழுதின பெயர், சாமி படம் மேல் காம்பவுண்ட் படவே கூடாது. ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கரிலும் கண்ணாடியிலும் வாக்ஸ் வேண்டாம். புதுசாக எனாமல் அடித்த வண்டிக்கு அவசரப்படாதீர்கள். பெயிண்ட் உள்வரை காய ஒன்றிரண்டு மாதம் விடுங்கள்.

கழுவுவதில்தான் பாதி வேலை இருக்கிறது. சங்ககிரி பக்கம் சிமெண்ட் தூசி, கோழிப்பண்ணைப் பக்கம் மக்காச்சோளத் தூசி. அதன்மேல் காய்ந்த துணியை இழுத்தால் கீறல்தான் மிஞ்சும். முதலில் தண்ணீரை விட்டுத் தூசியை ஓட்டுங்கள். முட்டை உடைந்து வழிந்திருந்தால் சுடுதண்ணீர் ஊற்றக் கூடாது, வெந்து அப்பிக்கொள்ளும். பச்சைத் தண்ணீரில் நனைத்த துணியைக் கால் மணி நேரம் போர்த்தி வைத்தால் ஊறித் தானாகக் கழலும். எங்கள் போர் தண்ணீர் உப்பு. சொட்டு வெயிலில் காய்ந்தால் வட்டம் வட்டமாக வெள்ளைத் தழும்பு விழும். ஈரம் இருக்கும்போதே துடைத்துவிட வேண்டும். விழுந்துவிட்ட தழும்புக்கு வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து ஒற்றி, உடனே கழுவிவிடுவேன்.

சித்திரை வெயிலில் தகரம் கொதிக்கும்போது வாக்ஸ் போட்டால் இறுகிப்போகும். புறங்கையை வைத்துப் பார்ப்பேன். சூடு தெரிந்தால் அன்றைக்கு வேலை இல்லை. விடியற்காலையில் ஷெட்டுக்குள் செய்வதே நல்லது. வேப்பமரத்து நிழலை நம்பாதீர்கள், பூவும் காக்கை எச்சமும் விழும். ஒரு கதவளவுக்கு மெல்லிசாகப் பூசி, வெளிறினதும் திருப்பூர் பனியன் வேஸ்டால் துடைப்பேன். தையல் இருக்கிற துண்டை ஒதுக்கிவிடுவேன், அந்த நூல் கீறும்.

வாக்ஸ் போயிற்றா என்று பார்க்க ஒரு சொம்புத் தண்ணீர் போதும். சேம்பு இலை மேல் நிற்பதுபோல் முத்து முத்தாக நின்றால் இருக்கிறது; பரந்து வழிந்தால் போய்விட்டது. கேபின் கூரையை யாரும் பார்ப்பதில்லை, ஆனால் வெயில் முதலில் அடிப்பது அங்கேதான். ஏணி போட்டு அதிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

கதவு விளிம்பில் பெரியவரே பெயிண்ட் தொட்டுக் கொடுத்தார். அந்த இடத்தில் மட்டும் இன்றுவரை காம்பவுண்ட் வைத்ததில்லை. விரல் நுனியால் வாக்ஸ் தடவுவதோடு சரி.